பெட்டி இருக்கு, பாம்பைக் காணோம்

ஓசூரில் கண்ணாடி, அலுமினிய வேலை செய்கிறேன். மீன் தொட்டி ஒட்டுவதுதான் முதலில் செய்த தொழில். பெங்களூருக்குப் போய்வருகிற பையன்கள் பால் பைத்தான் (Ball python), கார்ன் ஸ்னேக் என்கிற வெளிநாட்டு வளர்ப்புப் பாம்புகளை வாங்கிவந்து, "அண்ணா, இதுக்கு ஒரு பெட்டி செஞ்சு குடுங்க" என்று நின்றார்கள். அப்படி ஒட்டிக்கொண்டது இந்த வேலை. பெட்டியைக் கொடுத்ததோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். ராத்திரி 11 மணிக்குப் போன் வரும்: "அண்ணா, ஆளைக் காணோம்."

ஓடிப் போய்ப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. பாம்பு பெரிய சூரன் எல்லாம் இல்லை. தலை நுழைகிற இடுக்கு கிடைத்தால் உடம்பும் பின்னாலேயே போய்விடும், அவ்வளவுதான். அந்த இடுக்கை நாம்தான் விட்டிருப்போம். எந்த அறிகுறிக்கு எங்கே இடுக்கு என்று கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் நடந்தது எந்தத் தலைப்பில் வருகிறதோ அதற்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரியாவது முதலில், செலவு வைப்பது கடைசியில்.

ஒரு கட்டுப்பாடு. இது விஷமில்லாத வெளிநாட்டுப் பாம்புகளுக்கு மட்டும். நம் ஊர்ப் பாம்பை வீட்டில் வைத்துக்கொள்வது 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'அதிர்ஷ்டம்' என்று யாரோ சொன்னார்கள் என மண்ணுளிப் பாம்புக்குப் பெட்டி கேட்டு இரண்டு மூன்று பேர் வந்திருக்கிறார்கள். அளவு எடுக்காமலே அனுப்பிவிட்டேன். பால் பைத்தான் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களை நாடுவிட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதை வைத்திருப்பவர்கள் 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பதிவு இருந்தால்தான் பாம்பு தொலைந்த அன்று நான்கு பேரிடம் வாய்திறந்து உதவி கேட்க முடியும்.

எந்த அறிகுறியானாலும் முதல் ஐந்து நிமிடம்

அறைக் கதவைச் சாத்துங்கள். கதவுக்கு அடியில் இருக்கும் சந்தில் பழைய துண்டைச் சுருட்டி அடையுங்கள். பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் ஜாலி மூடியிருக்கிறதா, கக்கூஸ் மூடி கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நாய், பூனை இருந்தால் வெளியே கட்டுங்கள். வாஷிங் மெஷினை ஓடவிட வேண்டாம், ரிக்ளைனர் சோபாவை மடக்கவும் வேண்டாம். வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், பாட்டிக்கும் சேர்த்து. மறைத்தால் அவர்தான் இருட்டில் முதலில் மிதிப்பார்.

அறிகுறி 1: பெட்டி மூடியபடி இருக்கிறது, பாம்பு மட்டும் இல்லை

*முதலில் பெட்டிக்குள்ளேயே தேடுங்கள்.* சிரிக்காதீர்கள். எனக்கு வந்த அழைப்புகளில் பாதி இங்கேயே முடிந்திருக்கின்றன. ராயக்கோட்டை ரோட்டில் ஒரு வீட்டில் மூன்று பேர் சேர்ந்து மரக்கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பாம்பு தண்ணீர்க் கிண்ணத்துக்கு அடியில், படுக்கையாகப் பரப்பியிருந்த தேங்காய் நார்த்தூளுக்குள் சுருண்டு கிடந்தது. பால் பைத்தான் சொந்த ஊரில் வளைக்குள் வாழ்கிற உயிர், புதைந்துகொள்வது அதற்குச் சுகம். எல்லாப் பொருளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். நார்த்தூளைக் கை விட்டு மூலைவரை அளையுங்கள். பிளாஸ்டிக் பாறை என்றால் திருப்பிப் பாருங்கள், உள்ளே பொந்தாக இருக்கும். அழகுக்காகப் பின்பக்கம் தெர்மாகோல் ஒட்டியிருந்தால் அதற்கும் கண்ணாடிக்கும் நடுவில் டார்ச் அடியுங்கள்.

உள்ளே இல்லவே இல்லை என்றால் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில் நுழைகிற ஓட்டையில் கார்ன் ஸ்னேக் குட்டி நுழையும். பெரிய பாம்புக்கு அதன் தலை அகலத்தை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். உடம்பின் பருமனைப் பார்த்து ஏமாறாதீர்கள். கை கட்டைவிரல் பருமன் பாம்புக்குத் தலை சுண்டுவிரல் அளவுதான் இருக்கும்.

*வயர் ஓட்டை.* மூடிய பெட்டியிலிருந்து போவதற்கு முதல் காரணம் இதுதான். ஹீட்டர் வயரை உள்ளே விட வேண்டும். பிளக்கைக் கழற்றச் சோம்பல்பட்டு, பிளக்கே நுழைகிற மாதிரி பெரிய ஓட்டையாகப் போட்டுவிடுவார்கள். (நானே ஆரம்பத்தில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.) பிளக் போன பிறகு வயரைச் சுற்றி ஒரு பாம்புக்கு இடம் இருக்கும். பிளக்கைக் கழற்றி, வயர் மட்டும் போகிற அளவுக்கு ரப்பர் வளையம் வாங்கி ஓட்டையில் மாட்டுங்கள். அவசரத்துக்கு எம்-சீல் பிசைந்து அடைக்கலாம், இறுகும்வரை பாம்பை உள்ளே விட வேண்டாம். பஞ்சு, டேப், மடித்த பேப்பர் எதுவும் நிற்காது. டேப் ஒட்டுகிற பசையில் பாம்பின் தோல் ஒட்டிக்கொண்டால் அது தனி வேதனை.

*காற்று ஓட்டை.* வலை நைலான் கொசுவலையாக இருந்தால் விரலால் ஓரத்தைத் தள்ளிப் பாருங்கள். பசை விட்டிருக்கும், அல்லது கிழிந்திருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை வைத்து, மேலே அலுமினியப் பட்டை போட்டு ரிவெட் அடித்தால் தீர்ந்தது.

*பின் பலகை.* பிளைவுட் பெட்டிகளில் பின்பக்கம் மட்டும் மெல்லிய ஹார்ட்போர்டை ஆணி அடித்து விட்டிருப்பார்கள். உள்ளே ஈரம், வெளியே காய்ச்சல். ஆறு மாதத்தில் பலகை வளைந்து கீழ் மூலையில் வாய் திறக்கும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்திருப்பதால் கண்ணில் படாது. இழுத்துப் பாருங்கள். ஆணியைப் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூ போட்டால் கொஞ்ச நாள் தாங்கும். பலகை ஊறிப் போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

*மூலையில் சிலிக்கான் விட்டுப்போதல்.* இது செலவுள்ள வேலை. பழைய மீன் தொட்டியைப் பாம்புக்கு மாற்றியவர்களுக்கு அதிகம் வரும். மூலையில் நகத்தால் கீறினால் பசை உரிந்து வருகிறதா, கண்ணாடியைத் தள்ளினால் அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் அதன்மேல் புதுப் பசை அப்ப வேண்டாம். பழைய சிலிக்கான்மேல் புது சிலிக்கான் பிடிக்காது. முழுக்கச் சுரண்டித் துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும், அதைக் கண்ணாடி வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். மீன் தொட்டிக்கான சிலிக்கான் கேளுங்கள். பூஞ்சைக்கு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் ஆகாது. ஒட்டியதும் வினிகர் நெடி வரும், அந்த நெடி முழுக்கப் போகிறவரை பாம்புக்கு வேறு டப்பாதான் வீடு.

அறிகுறி 2: முன்பக்கக் கண்ணாடி ஒரு விரல் அகலம் விலகியிருக்கிறது

இரண்டு கண்ணாடி ஒன்றன் பின்னால் ஒன்று ஓடுகிற ஸ்லைடிங் பெட்டிகளுக்கு வரும் கோளாறு இது.

"நான் சாத்தினேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையாகவே சாத்தியிருப்பார்கள். ஆனால் நார்த்தூள் கீழ்ச் சேனலில் விழுந்து இறுகி, கண்ணாடி கடைசிவரை போகாமல் நின்றிருக்கும். பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் சேனலைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி சாத்திப் பாருங்கள். பாதிப் பேருக்கு வேலை இதோடு முடியும். படுக்கை நார்த்தூளைச் சேனல் மட்டத்துக்குக் கீழே இரண்டு விரல்கடை குறைத்துப் போட்டால் திரும்ப வராது.

சுத்தமாக இருந்தும் விலகுகிறது என்றால் பூட்டு இல்லை என்று அர்த்தம். பாம்பு கண்ணாடியில் உடம்பை அழுத்திக்கொண்டு ஓரமாகப் போகும்போது கண்ணாடியும் கூடவே நகரும். கவனித்துப் பார்த்தால் கை வைத்துத் தள்ளுவது மாதிரியே இருக்கும். ஷோகேஸ் பூட்டு என்று கேளுங்கள், பல் வைத்த பட்டையில் மாட்டுகிற வகை. ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும், நீங்களே மாட்டலாம். சாவியைப் பெட்டிமேலேயே வைக்காதீர்கள், குழந்தைகள் இருக்கிற வீட்டில் பூட்டே அவர்களுக்காகத்தான்.

பூட்டும் இருக்கிறது, போயும்விட்டது என்றால் இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, இரண்டு கண்ணாடியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற நடு இடைவெளி. பெரிய பாம்புக்குத் தொல்லை இல்லை, குட்டிக்கு அது வாசல். கண்ணாடி ஓரத்தில் மாட்டுகிற ஒளிபுகும் பிளாஸ்டிக் பட்டையோ, அலுமினிய ஜன்னலுக்குப் போடுகிற மயிர்ப் பட்டையோ ஒட்டி அடைக்கலாம். இன்னொன்று, கண்ணாடியின் உயரம். கண்ணாடியைத் தூக்கி மாட்டுவதற்காக மேல் சேனல் ஆழமாகவும் கீழ்ச் சேனல் ஆழம் குறைவாகவும் இருக்கும். வெட்டியவர் கண்ணாடியைக் குட்டையாக வெட்டியிருந்தால் லேசாகத் தூக்கியதுமே கீழே கழன்று ஆடும். உங்கள் கையால் தூக்கிப் பாருங்கள், அரை விரல்கடை எழும்பியதுமே விடுபட்டால் கண்ணாடி மாற்ற வேண்டும். அது செய்தவரின் தவறு. காசு கேட்காமல் மாற்றித் தரச் சொல்லுங்கள், நான் மாற்றித் தருவேன்.

அறிகுறி 3: மேல் மூடி தூக்கிக் கிடக்கிறது

மூடிமேல் செங்கல் வைப்பது, தடிமனான புத்தகம் வைப்பது எல்லாம் நம்பிக்கை மட்டும்தான். மூன்றடிப் பாம்பு மூலையில் உடம்பை ஊன்றித் தலையால் முட்டினால் நடுவில் வைத்த செங்கல் அசையாது, மூலை மட்டும் தூக்கிக்கொடுக்கும். நான்கு மூலைக்கும் கிளிப் போடுங்கள். ஸ்டேஷனரி கடையில் பேப்பர் கட்டுக்குப் போடுகிற கறுப்புக் கிளிப்பே இன்று ராத்திரிக்குப் போதும்.

பிளாஸ்டிக் டப்பாவில் வளர்ப்பவர்கள்: மூடியின் நடுப்பக்கத்தை அழுத்திவிட்டு ஓரத்தைப் பாருங்கள். வெயில் காலத்தில் தர்மபுரி வீடுகளில் மாடி அறை கொதிக்கும், மூடி நெளிந்து நடுவில் வாய் பிளக்கும். அதற்கு மருந்து இல்லை. டப்பாவை மாற்றுங்கள், நீளப் பக்கத்திலும் கொக்கி இருக்கிற டப்பாவாகப் பாருங்கள்.

அறிகுறி 4: இன்னும் ஓடவில்லை, ஆனால் ராத்திரி முழுக்க மூக்கால் முட்டுகிறது

இதில் பெட்டி வேலைக்காரனுக்கு வேலை இல்லை, ஆனாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மூடியைப் பலப்படுத்தினால் போதும் என்று நினைக்க வேண்டாம். வலையில் தேய்த்துத் தேய்த்து மூக்கு புண்ணாகிவிடும்.

தோல் உரிக்கப் போகிறதா பாருங்கள். கண் பால் படிந்த மாதிரி வெளிறிப்போனால் சில நாளில் உரிக்கும், உரித்ததும் அடங்கிவிடும். பசியா என்று யோசியுங்கள். புதுப் பெட்டிக்கு வந்து ஓரிரு வாரம்தான் ஆகிறது என்றால் விட்டுவிடுங்கள், பழகிக்கொள்ளும். ஒளிந்துகொள்ள இரண்டு மறைவிடம் இருக்கிறதா, ஒன்று சூட்டுப் பக்கம், ஒன்று குளிர்ச்சிப் பக்கம்? ஒன்றுதான் என்றால் இன்னொன்று வையுங்கள், செருப்பு வாங்கின அட்டைப்பெட்டியில் வாசல் வெட்டி வைத்தாலும் அதற்கு அரண்மனைதான். எறும்பு ஏறியிருக்கிறதா? எங்கள் பக்கம் மழைக்கு முன்னால் இது நிறைய நடக்கும், பாம்பு துடித்துவிடும்.

எல்லாம் சரி என்றால் சூட்டை அளந்து பாருங்கள். கையால் தொட்டு "வெதுவெதுன்னு இருக்கு" என்பது அளவு ஆகாது. பால் பைத்தானுக்குச் சூட்டுப் பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ச்சிப் பக்கம் 25 முதல் 27 டிகிரி. ஓசூரில் மார்கழி ராத்திரி 15 டிகிரி பக்கம் இறங்கும். ஹீட்டர் பேட் தோற்றுப்போனால் பாம்பு சூடு தேடிக் கிளம்பும். பங்குனி, சித்திரையில் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் நேர்மாறு, பெட்டி முழுக்க வெந்துகொண்டிருக்கும், பாம்பு குளிர்ச்சி தேடும். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட்டரை நேராக மின்சாரத்தில் செருகியிருந்தால் இன்றைக்கே கழற்றுங்கள். தெர்மோஸ்டாட் இருந்தும் அது காட்டுகிற அளவும் தனி தெர்மாமீட்டர் காட்டுகிற அளவும் ஒத்துப்போகாவிட்டால் கருவியை மாற்றுங்கள்.

மூக்கில் ரத்தம், வாயோரத்தில் வீக்கம், நுரை தெரிந்தால் பெட்டியை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள்.

அறிகுறி 5: அறையில் தேடியாச்சு, கிடைக்கவில்லை

பெரும்பாலும் பெட்டி இருந்த அறையிலேயேதான் இருக்கும். பாம்பு நடு ஹாலைக் கடந்து ஓடாது, சுவரோரமாகவே போய் முதலில் கிடைக்கிற இருட்டு இடுக்கில் ஒடுங்கிக்கொள்ளும். அதனால் பெட்டியிலிருந்து இடப்பக்கம் ஒரு ஆள், வலப்பக்கம் ஒரு ஆள், சுவரைத் தொட்டுக்கொண்டே போங்கள். பீரோவுக்கு அடியில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், மடித்து வைத்த பாயின் உள்ளே, அரிசி மூட்டைக்குப் பின்னால், ஷூவுக்குள். சோபாவைக் கவிழ்த்து அடியில் இருக்கிற கறுப்புத் துணியைப் பாருங்கள், கிழிசல் இருந்தால் அதற்குள்ளேயே போயிருக்கும். கார்ன் ஸ்னேக் என்றால் அண்ணாந்தும் பாருங்கள். அது மரம் ஏறுகிற சாதி, திரைச்சீலைக் கம்பி, பரண், புத்தக அலமாரியின் மேல் தட்டு எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

குளிர்காலம் என்றால் சூடு வருகிற இடங்கள்: பிரிட்ஜின் பின்பக்க கம்ப்ரெஸர், இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ், கம்ப்யூட்டர் கேபினெட். பிரிட்ஜை இழுக்கும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள், அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இழுங்கள். இழுத்த வேகத்தில் நசுங்கிய பாம்பை நான் பார்த்திருக்கிறேன், வேண்டாம். வெயில் காலம் என்றால் தண்ணீர்க் குடத்துக்கு அடி, பாத்ரூம் வாளிக்குப் பின்னால், சிங்க்குக் கீழே.

முதல் ராத்திரி மாவு போடுங்கள். ஒவ்வொரு கதவு நிலையிலும், பீரோவைச் சுற்றிலும் நான்கு விரல் அகலத்துக்கு மெல்லியதாகத் தூவுங்கள். கறுப்பு, சிவப்புத் தரையானால் கோலமாவு. வெள்ளை டைல்ஸ் என்றால் ராகி மாவு எடுப்பாகத் தெரியும், அது இல்லாத வீடு எங்கள் பக்கம் இல்லை. அரிசி மாவைவிடக் கல்மாவு நல்லது, எறும்பு வராது. காலையில் மாவில் அலையலையாக ஒரு தடம் விழுந்திருந்தால் எந்த அறைக்குள் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். தடமே இல்லை என்றால் அதுவும் நல்ல சேதிதான், அறையை விட்டுத் தாண்டவில்லை. இந்த வேலையை எனக்குச் சொல்லிக் கொடுத்தது பாகலூர் பக்கம் ஒரு பாட்டி. பேரன் பாம்பு வளர்ப்பது அவருக்குத் துளியும் பிடிக்காது, ஆனால் மாவுத் தடத்தைப் பார்த்துப் பாம்பைக் கண்டுபிடித்தது அவர்தான்.

கூடவே சுவரோரமாகப் பால் பாக்கெட் கவர், பிஸ்கட் கவர், கசக்கிய பாலித்தீன் பைகளைப் போட்டுவிட்டு விளக்கை அணைத்து உட்காருங்கள். பொழுது சாய்ந்து நடு ராத்திரிவரை பாம்பு நடமாடுகிற நேரம். 'சரக்'கென்று சத்தம் கேட்டால் டார்ச். டிவி ஓடக் கூடாது.

இரண்டாம் ராத்திரி ஆசை காட்டுங்கள். அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து ஒரு வாசல் வெட்டி, கீழே ஹீட்டர் பேட் தெர்மோஸ்டாட்டோடு வைத்து, அது போன அறையின் சுவர் மூலையில் விடுங்கள். எப்போதும் கொடுக்கிற, பிரீஸரில் உறைந்த எலியை உறைநிலை போகவிட்டு, வெதுவெதுப்பாக்கிப் பக்கத்தில் தட்டில் வைக்கலாம். காலையில் எடுத்து எறிந்துவிடுங்கள், நாற்றத்துக்குப் பாம்பு வராது, எறும்புதான் வரும். ஒவ்வொரு அறையிலும் ஒரு தட்டையான கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள்.

மூன்று நாள் ஆயிற்று, செத்திருக்கும் என்று பெட்டியை விற்றுவிடாதீர்கள். வளர்ந்த பால் பைத்தான் வாரக் கணக்கில் தின்னாமல் தாங்கும். ஒரு வீட்டில் இருபத்தி இரண்டாம் நாள் குடும்ப அட்டையைத் தேடப் போன அம்மாவுக்குப் பீரோவின் துணி அடுக்குக்குப் பின்னால் கிடைத்தது. குடும்ப அட்டை கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது?* ஜிப்சம் சீலிங்குக்கு மேலே போயிருந்தால், மாடுலர் கிச்சன் அலமாரிக்குப் பின்னால் போயிருந்தால், அவற்றைப் பொருத்தியவரையே கூப்பிடுங்கள், எங்கே கழற்றலாம் என்று அவருக்குத்தான் தெரியும். மின்சாரப் பெட்டிக்குள் போயிருந்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியன், நீங்கள் கை விடக் கூடாது. வீட்டைவிட்டு வெளியே போன தடயம் இருந்தால் உடனே அக்கம்பக்கம் சொல்லுங்கள், போனில் பாம்பின் படத்தைக் காட்டுங்கள். சொல்லக் கூச்சமாக இருக்கும், திட்டுவார்கள். ஆனால் நம் ஊரில் பாம்பைப் பார்த்தால் முதலில் வருவது கம்பு. அது என்ன பாம்பு என்று விசாரணையெல்லாம் அடித்த பிறகுதான். வனத்துறை அலுவலகத்துக்கும் தகவல் கொடுங்கள், பதிவு எண்ணோடு.

அறிகுறி 6: ஒரு பாம்பு கண்ணில் பட்டது. நம்முடையதா?

இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதுகிற குறிப்புகளில் இது இருக்காது. அவர்கள் வீட்டில் தெரிகிற பாம்பு பெரும்பாலும் அவர்கள் பாம்புதான். தேன்கனிக்கோட்டையிலோ பென்னாகரத்திலோ வீட்டைச் சுற்றிக் காடும் கொல்லையும் இருக்கும்போது, தேடப் போனது ஒன்று, அகப்பட்டது இன்னொன்று என்று ஆகும்.

பால் பைத்தான் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டியது கண்ணாடி விரியனுக்கு. இரண்டும் பழுப்பு, இரண்டும் குட்டை, தடி உடம்பு, இரண்டுக்கும் கழுத்தைவிடத் தலை அகலம். கட்டிலுக்கு அடியில் அரை இருட்டில் பாதி உடம்பு மட்டும் தெரிந்தால் பழகியவர்களுக்கும் தடுமாறும். விரியனுக்கு முதுகிலும் இரு பக்கமும் சங்கிலி கோத்த மாதிரி முட்டை வடிவப் புள்ளிகள் மூன்று வரிசையாக ஓடும், ஓரம் கறுத்திருக்கும். செதில் சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும். கிட்டப் போனால் குக்கர் விசில் வருகிற மாதிரி நீளமாகச் சீறும். பால் பைத்தானின் தோல் வழவழப்பு, பட்டைகள் ஒழுங்கில்லாமல் திட்டுத் திட்டாக இருக்கும், பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும்.

இதையெல்லாம் எழுதிவிட்டேன், ஆனால் இதை வைத்துக் கை நீட்டாதீர்கள். ஒரே ஒரு வழிதான் நம்பலாம். உங்கள் பாம்பின் இரு பக்கமும் முதுகும் தெளிவாகத் தெரிகிற மாதிரி இன்றைக்கே மூன்று படம் எடுத்து வையுங்கள். ஒரு பாம்பின் திட்டு இன்னொன்றுக்கு வராது. பாம்பைப் பார்த்ததும் ஆறடி தள்ளி நின்று போனில் பெரிதாக்கிப் படம் எடுங்கள், பழைய படத்தோடு திட்டுக்குத் திட்டு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் கையில் எடுங்கள். ஒப்பிட முடியாத அளவு மறைந்திருந்தால் உங்களுடையது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டுக்கட்டாக இருந்தால் யோசனையே வேண்டாம். அது வெள்ளிக்கோல் வரையனாக இருக்கலாம், விஷமில்லை. கட்டுவிரியனாகவும் இருக்கலாம். ராத்திரியில் வீட்டுக்குள் வரும், கடித்தது தெரியாமலே ஆளைச் சாய்க்கும். பால் பைத்தானும் கார்ன் ஸ்னேக்கும் அப்படி இருக்கப் போவதில்லை, அதனால் கிட்டப் போகக் காரணமும் இல்லை.

*கூப்பிட வேண்டிய இடம்:* உங்களுடையது இல்லை என்றாலோ சந்தேகம் என்றாலோ, ஒரு ஆள் தூர நின்று கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கட்டும், இன்னொருவர் தீயணைப்பு நிலையத்துக்கு 101 அடிக்கட்டும். வரும்போதே, "வீட்டில் வளர்ப்புப் பாம்பு ஒன்றும் காணாமல் போயிருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள்.

எது என்று தெரியாத பாம்பு கடித்தால் 108. அசையாமல் படுக்க வையுங்கள், மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. "வளர்ப்புப் பாம்பாகத்தான் இருக்கும்" என்று வீட்டில் காத்திருக்காதீர்கள்.

அறிகுறி 7: கிடைத்துவிட்டது, ஆனால் ஆள் சரியில்லை

எலிப் பசை அட்டையில் ஒட்டிக் கிடந்தால் இழுக்காதீர்கள், தோலோடு வரும். சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஊறவிட்டு, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். அரை மணி ஆனாலும் பொறுமையாக. மூக்குத் துளையில் எண்ணெய் போகக் கூடாது. பாம்பு வளர்க்கிற வீட்டில் பசை அட்டையும் எலி மருந்தும் வைக்காதீர்கள் என்று நான் ஒவ்வொரு பெட்டியோடும் வாயால் சொல்லி அனுப்புகிறேன்.

எலி மருந்து வைத்த வீடு, பாம்பின் வயிறும் புடைத்திருக்கிறது என்றால் மருந்து பாக்கெட்டோடு டாக்டரிடம் போங்கள். கம்ப்ரெஸரில் பட்ட தீக்காயத்துக்கும் அதேதான். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூச வேண்டாம். இங்கே கால்நடை மருத்துவர்கள் மாடும் நாயும் பார்த்துப் பழகியவர்கள், பாம்பு பார்ப்பாரா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஓசூர்க்காரர்கள் பெரும்பாலும் பெங்களூருக்குத்தான் கொண்டு போகிறார்கள்.

காயம் இல்லை, களைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்றால் பெட்டியில் விட்டுத் தண்ணீர் வைத்து ஒரு வாரம் தொடாதீர்கள். இரையும் அதற்குப் பிறகுதான்.

அறிகுறி 8: அதே பெட்டியிலிருந்து மூன்றாம் தடவை

ஒட்டுப்போட்டது போதும், புதுப் பெட்டி செய்யுங்கள். செய்கிறவரிடம் "மீன் தொட்டி மாதிரி" என்று சொல்லாதீர்கள். மீன் தொட்டி செய்கிறவன் தண்ணீர் ஒழுகாமல் பார்ப்பான், மேலே திறந்து கிடந்தால் அவனுக்குக் கவலை இல்லை. இப்படிச் சொல்லுங்கள்: பாம்பின் தலை அகலம் இவ்வளவு, அதில் பாதிக்கு மேல் எங்கேயும் இடைவெளி இருக்கக் கூடாது. வயர் ஓட்டை வயர் அளவுக்குத்தான். பின்பக்கமும் கண்ணாடி அல்லது தடித்த பிளைவுட், ஸ்க்ரூ போட்டு. பூட்டு முதலிலேயே மாட்டித் தர வேண்டும். வாங்கும்போது பென்சிலை எடுத்துக்கொண்டு போய் எல்லா ஓரத்திலும் விட்டுப் பாருங்கள், கோபித்துக்கொண்டால் வேறு கடை.

தலை அகலத்தை ஸ்கேலில் அளந்து எழுதிக் கொண்டுவந்தால் போதும், பாம்பைக் கொண்டுவர வேண்டாம். போன மாதம் ஒருவர் மஞ்சள் துணிப்பையில் போட்டு எடுத்துவந்து, "நீங்களே அளந்துக்கங்க அண்ணா" என்று கண்ணாடி வெட்டுகிற மேசைமேல் வைத்துவிட்டார். எங்கள் கடைப் பையன் ஏணியில் ஏறியவன், டீ வந்த பிறகும் இறங்கவில்லை. டீயை மேலே கொடுத்தோம்.